கடைவாய்ப் பல்லும் கொண்டை ஊசி வளைவும்

ஆழியாறு செக்போஸ்டைத் தாண்டி பஸ் மலைச்சாலைக்குள் மூக்கை நுழைத்தபோது மைனாவதி வாய்க்குள் இருந்த கிராம்பை நாக்கால் ஒருதரம் புரட்டினாள். வலப்பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். காலையில் புருசன் குப்புராஜ் செல்போன் லைட்டை அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "எறும்பு வளை மாதிரி கருப்பா ஒரு ஓட்டை இருக்குது மைனா" என்றான். எறும்பு வளையாம். எறும்பு குடியிருக்கிற இடத்திலிருந்து இப்படி ஒரு இடி கிளம்புமா, அதுவும் பல்லில் கிளம்பி காதுக்குப் போய், காதிலிருந்து கழுத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தோள்பட்டையில் வந்து நிற்குமா. தோளுக்கு வந்தால் கைக்கு வர எவ்வளவு நேரமாகும். கைக்கு வரக்கூடாது. கை வேறு, பல் வேறு. கை இந்த ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின்னால் உட்கார்ந்தும் நின்றும் ஒரு பஸ் நிறைய ஜனம் இருக்கிறது, பல் தன் பாட்டுக்கு வலிக்கட்டும். கிராம்பு முதல் கடியில் சுருக்கென்று காரத்தை இறக்கியது, அந்த இடம் மரத்தது, மரத்துப்போன இடத்தைச் சுற்றி வலி ஒதுங்கி நின்றுகொண்டு, வாசலில் கடன்காரன் காத்திருப்பதைப்போலக் காத்திருந்தது. இருக்கட்டும். முதல் வளைவு வந்துவிட்டது. ஹாரன், கியர், வெளிப்பக்கமாக அகட்டி, முன்சக்கரம் மண்ணைத் தொடும் நேரத்தில் முழுசாக ஒடித்து, பஸ்ஸின் வால் உள்சுவரை உரசாமல் உரசுவதுபோல் போய், நிமிர்த்தி. இடது கண்ணாடியில் சுவர் விலகியது. இந்த மலை ரூட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகப்போகிறது, இன்னும் ஒவ்வொரு வளைவும் நிமிரும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன வெல்லக்கட்டி கரைகிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவளுக்கு வளைவு திரும்பியதில் என்ன பெருமை என்பார்கள். அவர்களுக்கென்ன தெரியும்.

விடிகிற வேளையில் வீடு முழுக்க வாசம் வாசமாக இருந்தது. குப்புராஜ் அடுக்களையையே தலைகீழாக்கிவிட்டான். கயிறு மில்லில் வேலை செய்கிறவன், நாருக்கும் தூசிக்கும் பழகிய கை, அந்தக் கையால் பெருங்காயத்தை நல்லெண்ணெயில் பொரித்துப் பஞ்சில் தோய்த்து, "ஆ காட்டு, ஆ காட்டு" என்று குழந்தைக்குப் போல எடுத்து வந்தான். அதற்கு முன்னால் உப்புப் போட்ட வெந்நீர். அதற்கும் முன்னால் பின்வீட்டு மரத்துக் கொய்யாக் கொழுந்தைப் பறித்துக் கொதிக்க வைத்த தண்ணீர், அது துவர்த்துத் துவர்த்து நாக்கைத் தோலாக்கிவிட்டது. பூண்டை நசுக்கி உப்போடு வைக்கச் சொன்னது எதிர்வீட்டு ஜமீலா அக்கா. வைத்தாள், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் கேட்டது. ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான் கேட்டது. வலியை இந்த மருந்துகள் தட்டிக்கொடுத்து உட்கார வைக்கின்றனவே தவிர எழுப்பி வெளியே அனுப்புவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் காக்கிச் சட்டையைப் போட்டாள். "லீவு சொல்லீரு. பல்லுக்கு லீவு சொன்னா ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் குப்புராஜ். சொல்ல மாட்டார்கள்தான். வாயால் சொல்ல மாட்டார்கள். மலை ரூட்டுக்கு வந்த முதல் நாள் டீக்கடையில் ஒரு டிரைவர், கெட்ட மனுசர்கூட இல்லை, ரிடையர் ஆகப்போகிறவர், அக்கறையாகத்தான் கேட்டார், "அம்மிணி, கீழ டவுன் பஸ்ஸு ஓட்டுறது வேற, மலை வேற. ஒடம்பு ஒருநாப் போல ஒருநா இருக்காது பாரு, பொம்பளைங்களுக்கு." அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நாலு மாதமாக ஒரு டிரிப்பைக்கூட விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் பதில். காய்ச்சல் வந்தது, வயிற்றுவலி வந்தது, மாமியார் விழுந்து கையை முறித்துக்கொண்டாள், எல்லாம் வாரலீவோடு வாரலீவாகப் பார்த்துக்கொண்டாள். அப்படிக் கட்டிய பதிலை இத்தனூண்டு பல், உளுந்தை விடக் கொஞ்சம் பெரிய பல், கடித்துத் துப்பிவிடுமா. கிராம்பு இருக்கிறது. ஒரு பொட்டலமே இருக்கிறது சட்டைப்பையில்.

தேக்குமரங்கள் முடிந்து சாலை ஏறத் தொடங்கியது. கீழே அணையின் தண்ணீர் தகடு தகடாகத் தெரிந்தது. சீட்டுப் போட்டுக்கொண்டே முன்னால் வந்த கண்டக்டர் அருள்தாஸ், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், இந்த மலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சொந்தக்காரர் வைத்திருப்பவர், குனிந்து, "டிரைவரம்மா, சைலன்ட்டா வர்றீங்க இன்னைக்கு" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் காற்றுப் படும். காற்றுப் பட்டால் அவ்வளவுதான். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா பொள்ளாச்சியிலேயே, "இந்தப் பஸ்ஸு ரொட்டிக்கடை ஸ்டாப்புல நிக்குமா கண்ணு" என்று கேட்டதற்கும் இதே தலையாட்டல்தான். அந்தம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "ஸ்டியரிங்க புடிச்சதும் திமிரு வந்துருது" என்று சொன்னது நன்றாகக் கேட்டது. திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும். திமிர் என்ற சொல்லை அவள் முதலில் கேட்டது எப்போது. பதினைந்து வயதிலா. தோப்பில் டிராக்டர் ஓட்டுகிறவன் குடித்துவிட்டு வரப்பில் கிடந்தான், தேங்காய் ஏற்றிய டிரெய்லர் வெயிலில் நின்றது, லாரிக்காரன் கிளம்பப் போகிறேன் என்று கத்தினான், அப்பா காய் சுமக்கிறவர், அவருக்குச் சாவியைத் தொடவே பயம். இவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்று நின்று பார்த்ததுதான், யாரும் சொல்லித் தரவில்லை. கிளச்சை விட்டதும் டிராக்டர் குதிரையைப்போல ஒருதரம் தூக்கிப்போட்டது, அப்புறம் நகர்ந்தது. அப்பா பின்னால் ஓடி வந்தார், மைனா மைனா என்று கூப்பிட்டுக்கொண்டே, பயத்தில் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தாள், லாரி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் மனுசன் சிரித்துக்கொண்டிருக்கிறார், வேர்வையும் சிரிப்புமாக. "புள்ளைக்குத் திமிரப் பாரு" என்று லாரிக்காரன்தான் சொன்னான். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், திமிரு புடிச்ச புள்ளை என் புள்ளை என்று. அப்பாவுக்கும் இதே பல்தான் வலிக்கும். வலித்தால் புகையிலைக் காம்பைக் கிள்ளி உள்ளே திணித்துக்கொண்டு மூட்டை தூக்கப் போவார். சாகும்போது அந்தப் பக்கம் ஒரு பல்லும் இல்லை.

அடுத்த வளைவு. மேலே காய்கறி இறக்கிவிட்டு வருகிற காலி வேன், ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அவள் கையை லேசாக உயர்த்தினாள், வேன்காரனும் உயர்த்தினான். முதல் வாரம் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், இப்போது சாதாரணமாகக் கையை உயர்த்துகிறார்கள். அந்தச் சாதாரணம் இருக்கிறதே, அதற்குத்தான் இவ்வளவும். மகள் நிறைமதியிடம் டீச்சர், உங்கம்மா என்ன பண்றாங்க என்று கேட்டதற்கு, "எங்கம்மா மலை ஓட்டுது" என்றாளாம். பஸ் ஓட்டுது என்று சொல்லவில்லை. மலையையே ஓட்டுகிறாளாம் அம்மா. அதை நினைத்ததும் சிரிப்பு வந்து, உதடு விலகி, ஜன்னல் காற்று ஒரு ஊசியை நேராக அந்த ஓட்டைக்குள் இறக்கியது. சிரிக்கக்கூடாது. இன்றைக்குச் சிரிப்பதும் கூடாது. மேலே ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்துகொண்டே வந்தது. கீழே வெயிலில் அமுங்கிக் கிடந்த வலி குளிர் பட்டதும் முழித்துக்கொண்டது. கிராம்பை அழுத்திக் கடித்தாள். அது ஏற்கெனவே சக்கையாகிவிட்டது, வெறும் குச்சி. சட்டைப்பையில் கைவிட ஒரு நேர்ச்சாலை வேண்டும், இந்த மலையில் நேர்ச்சாலை எங்கே இருக்கிறது. அம்மா கண்டங்கத்திரிப் புகை பிடிப்பாள். ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் அம்மாவிடம் வருவார்கள். காய்ந்த கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, கொட்டாங்கச்சியால் மூடி, அதன் கண்ணில் பப்பாளித் தண்டைச் செருகி, அந்தப் புகையை வாய்க்குள் வாங்கச் சொல்வாள். இருமி, கண்ணெரிந்து, எச்சிலை ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் துப்பினால், வெள்ளை வெள்ளையாக நூல்போல எதுவோ மிதக்கும். பாரு பூச்சி விழுந்துருச்சு என்பாள் அம்மா. வந்தவர்கள் வலி போய்விட்டது என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போவார்கள். மைனாவதி மட்டும் ஒருநாள் யாரும் பார்க்காதபோது வலியே இல்லாமல் அந்தப் புகையைப் பிடித்துத் துப்பிப் பார்த்தாள். அவளுக்கும் பூச்சி விழுந்தது. விதையின் தோல்தான் அது. அதை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, வருகிறவர்கள் வாயைப் பிடித்துக்கொண்டு வந்து, நிமிர்ந்து போகிறார்கள், போகட்டும். ஆனால் பூச்சி என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. இப்போதுகூட ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு எலும்பைக் கறண்டுகிறது, தின்கிறது, ஓய்வெடுக்கிறது, மறுபடி கறண்டுகிறது, அதற்கு ஒரு தாளம் இருக்கிறது, என்ஜின் சத்தத்தோடு சேர்ந்துகொள்கிற தாளம், முதல் கியரில் வேகமாக, இரண்டாவது கியரில் நிதானமாக, டக், டக், தாடை, காது, கழுத்து, தாடை, காது, கழுத்து,

வரையாடு ஒன்று தடுப்புச்சுவர் மேல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆடு நிற்கிற சுவர் எந்தச் சுவர். அதற்கு முந்தின வளைவு எங்கே. காய்கறி வேனைத் தாண்டியது தெரியும், அதற்கடுத்து பாறையில் மஞ்சள் அம்புக்குறி போட்ட வளைவு ஒன்று உண்டு, ரொம்பக் குறுகலானது, அதைத் திருப்பின ஞாபகமே இல்லை. ஹாரன் அடித்தோமா. கியரைக் குறைத்தோமா. எதிரே ஏதாவது வந்ததா. பஸ் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, இடப்பக்கம், சரியான கியர், சரியான வேகம், பின்னால் யாரோ மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு முழு வளைவு காணாமல் போய்விட்டது. அம்மா வீட்டுக் கொட்டாங்கச்சிப் புகைக்குள் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளுடைய கைகள் தனியாக இத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு பாதாளத்தின் ஓரமாகத் திரும்பியிருக்கின்றன. முதலில் வந்தது பயமில்லை, அதை நினைத்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெருமைதான் முதலில் வந்தது. பார், என் கை பார், நான் இல்லாமலே திருப்பத் தெரிகிறது அதற்கு. அந்த எண்ணம் முடிவதற்குள் முதுகுத்தண்டில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. நான் இல்லாமலே. அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர்காரன் உள்வாட்டமாக வந்திருந்தால். அந்த வரையாடு சுவரிலிருந்து ரோட்டில் குதித்திருந்தால். கைக்குத் திருப்பத் தெரியும், நிறுத்தத் தெரியுமா.

நிறுத்திவிடலாமா. நிறுத்தினால் நேரம் போகும். நேரம் போனால் வால்பாறையில் கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது, பல் வலி என்றா. பல் வலிக்காக மலையில் பஸ்ஸை நிறுத்திய டிரைவர் என்று இதுவரைக்கும் யாராவது உண்டா. தாத்தா காலத்திலிருந்து எத்தனையோ பேர் இந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள், காய்ச்சலோடும், மூலத்தோடும், வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள், யாராவது நிறுத்தினார்களா. அம்மிணி நிறுத்திருச்சாம், பல் வலியாம். டீக்கடையில் அந்தச் சொல் எப்படிச் சுற்றும் என்று கேட்கவே முடிந்தது அவளுக்கு. கெட்ட மனசோடு சொல்ல மாட்டார்கள், பாவம் என்றுதான் சொல்வார்கள், அந்தப் பாவம்தான் தாங்காது. இன்னும் பாதி மலை இருக்கிறது. அட்டகட்டி வரைக்கும் ஓட்டிவிடலாம். இல்லை, அதற்கும் மேலே கவர்க்கல்லில் பனி வருவதற்கு முன்னால். பனியில் கண் ரெண்டும் போதாது, அங்கே போய் இன்னொரு வளைவு காணாமல் போனால். போகாது, இனிமேல் விழிப்பாக இருப்பேன். விழிப்பாக இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தால் அந்த நினைப்பே புகை. ஓட்டுகிறவள் விழிப்பைப் பற்றி நினைக்கமாட்டாள், ரோட்டைப் பற்றி நினைப்பாள். நாலு மாதம் ஒரு டிரிப்பை விடாதது பதில் என்றால் யாருக்குப் பதில். டீக்கடைக்கு. பின்னால் மிக்சர் தின்கிற குழந்தைக்கு அந்தப் பதிலால் என்ன ஆகும். இப்படியே எண்ணம் வளைவு வளைவாக ஏறியது, ஒவ்வொரு வளைவிலும் அதே டீக்கடை, அதே பாவம் என்ற சொல், அதே காணாமல் போன மஞ்சள் அம்பு. தாடையின் கீழ் நரம்பு படபடவென்று துடித்தது. அப்போது அவளுக்கு ஒன்று துலக்கமாகத் தெரிந்தது. வலியோடு ஓட்டத் தெரியும் என்று காட்டுவதற்கு அவள் இந்த மலைக்கு வரவில்லை. ஓட்டத் தெரியும் என்பதால் வந்தவள். ஓட்டத் தெரிந்தவளுக்கு எப்போது ஓட்டக்கூடாது என்பதும் தெரியவேண்டும், அது தெரியாதவன் எத்தனை வருசம் ஓட்டியிருந்தாலும் அரை டிரைவர்தான். அட்டகட்டிக்கு முன்னால் மலைப்பக்கம் அகன்ற ஒரு இடம் உண்டு, ரெண்டு பஸ் நிற்கலாம். இண்டிகேட்டரைப் போட்டாள். ஒதுக்கினாள். பிரேக்கை இழுத்துவிட்டு என்ஜினை அணைத்தாள். மலை திடீரென்று அமைதியானது. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னாச்சு டிரைவரம்மா, வண்டியா?" என்று அருள்தாஸ் ஓடிவந்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லைங்ண்ணா. சக்கரத்துக்குக் கல்லு வையுங்க." அவள் சீட்டிலிருந்து எழுந்து பஸ்ஸுக்குள் திரும்பி நின்றாள். இத்தனை முகங்களை அவள் ஒன்றாகப் பார்த்ததில்லை, எப்போதும் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் துண்டு துண்டாகத்தான் பார்ப்பாள். காற்று வாய்க்குள் போய்ப் பல்லைப் பிடுங்கியது. பிடுங்கட்டும் என்று பேசினாள். "எனக்குப் பல்லு வலிங்க. ரொம்பக் கடுமையா இருக்குது. இப்பிடியே ஓட்டுனா கவனம் செதறுது. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சு, அடங்குனதுக்கு அப்பறம் எடுக்கிறேன். அவசரம் இருக்கிறவங்க பின்னால வர்ற பஸ்ல போலாம், கண்டக்டர் ஏத்தி விடுவாரு."

எதிர்பார்த்த சொல் எதுவும் வரவில்லை. வந்தது, ரொட்டிக்கடை கேட்ட அதே பெரியம்மாவின் குரல்தான்.

"எந்தப் பக்கம் கண்ணு?"

"வலப்பக்கமுங்க. கீழ."

"கிராம்பு வெச்சியா?"

"அதான் இவ்ளோ தூரம் கொண்டு வந்துச்சுங்க."

அதற்குப்பின் பஸ்ஸே வைத்தியசாலையாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரு பல் இருந்தது, எல்லோருக்கும் ஒரு வலி ஞாபகம் இருந்தது. பின்சீட்டில் ஒருவர் எருக்கம்பால் ஒரு சொட்டு விட்டால் பல்லே கழன்று விழுந்துவிடும் என்றார். "விழுகும், அதோட நாக்கும் வெந்துரும், சும்மா இருங்க" என்று அவர் மனைவி அடக்கினாள். ஒருத்தர் சுருட்டுப் புகையைச் சிபாரிசு செய்தார். இன்னொருத்தர் மாத்திரை அட்டையை நீட்டினார், என்ன மாத்திரை என்று அவருக்கே தெரியவில்லை. தூக்கம் வந்தாலும் வரும், ஓட்டும்போது வேண்டாம் என்று மைனாவதி கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எஸ்டேட் தொழிலாளி ஒருத்தி, மரியபுஷ்பம் என்று பெயர் சொன்னாள், பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வருகிறவள், பிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரை மூடியில் ஊற்றினாள். மளிகை மூட்டையோடு வந்தவர் கட்டைப் பிரித்து ஒரு கை உப்பை அள்ளினார், யாரும் கேட்காமலே பெருங்காய டப்பாவையும் உடைத்தார். மைனாவதி கீழே இறங்கி, சாலையோரம் குத்துக்காலிட்டு, இளஞ்சூடான உப்புநீரை வலப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தினாள். சூடு மெல்ல மெல்ல வேருக்குள் இறங்கியது. கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி. கன்னத்தில் ஒத்தடத்துக்கு மரியபுஷ்பம் தன் முந்தானையைச் சுருட்டி பிளாஸ்க் வாயின் ஆவியில் பிடித்துச் சூடேற்றிக் கொடுத்தாள். "அழுத்தாதீங்க தங்கச்சி. தொட்டாப்ல வச்சிருங்க. எம்மவளுக்கு இப்பத்தான் வலி முடிஞ்சுது. ஆம்பளப் புள்ள" என்றாள், எல்லா வலியும் ஒரே சாக்கில் கட்டியது மாதிரி. கிராம்பைப் பொடித்துப் பெருங்காயத்தோடு உருட்டி ஓட்டைக்குள் வைத்தது பெரியம்மாதான். சுருக்கம் விழுந்த சுட்டுவிரல் அரசாங்க பஸ் டிரைவரின் வாய்க்குள் தயங்காமல் போய்வந்தது. யாருக்கும் அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. மைனாவதி வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து, மரங்களுக்கு மேல் ஓடுகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நியர்களுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோமே என்ற வெட்கத்தைத் தேடினாள், இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று நின்று விசாரித்தது. அருள்தாஸ் ஜன்னலைத் தட்டி, "யாராச்சும் இதுல மாறுறீங்களா?" என்று கேட்டார். கல்லூரிப் பையன் ஒருவன் மட்டும் பரீட்சை என்று சொல்லி மாறினான். மற்றவர்கள் மாறவில்லை. மளிகைக்காரர், "இந்த வண்டிலயே போயிக்கலாம், நின்னுட்டே போற டிரைவரம்மா இருக்குறப்ப பயமென்ன" என்றார், நின்று என்பதை நிதானம் என்ற அர்த்தத்தில் சொன்னாரா, வண்டியை நிறுத்தியதைக் குத்திக் காட்டினாரா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

வலி போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சுருண்டு ஒரு மூலைக்குப் போய்ப் படுத்துவிட்டது. தன்னையே சோதித்துப் பார்த்துக்கொண்டாள், எதிர்மலையில் ஒரு மரத்தைப் பார்த்தாள், மரம் மரமாகவே நின்றது, அதற்குள்ளிருந்து டிராக்டரோ புகையோ கிளம்பவில்லை. கல்லை எடுக்கச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தாள். இப்போது ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வளைவாக வந்தது, ஒன்றுகூடத் தொலையவில்லை. ஈரச் சுவரில் பாசி, ஓரத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லு, குரங்குகள் தின்றுபோட்ட பலாக்கொட்டை, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கவர்க்கல்லில் பனி சாலையை மூடிக்கிடந்தது, விளக்கைப் போட்டு, ஹாரனை விட்டுவிட்டு அடித்து, வெள்ளைக்குள் வெள்ளையாகத் தெரிந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். பல் நடுவில் ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தது. அட்டகட்டிக்குக் கீழே நிறுத்தினது போல இங்கேயும் நிறுத்துவேன், ரோடு அகலமாகிற இடத்தில், தேவைப்பட்டால் எத்தனைதரம் வேண்டுமானாலும் நிறுத்துவேன் என்று அதனிடம் சொன்னாள். அப்படிச் சொன்னதும் தோள் இரண்டும் தானாக இறங்கின. இத்தனை நாள் அவை உயர்ந்தே இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. தேயிலைச் சரிவுகள் வந்தன. ரொட்டிக்கடையில் பெரியம்மாவை மெதுவாக இறக்கிவிட்டாள். இறங்கியவள் திரும்பி, பல்லைப் புடுங்கிப்போடு கண்ணு, வெச்சிருக்காதே என்றாள், பஸ் கிளம்பும்வரை குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

வால்பாறை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார். அருள்தாஸ் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நல்ல மனுசர். "கவர்க்கல்ல ஏகப்பட்ட பனி சார், உருட்டிக்கிட்டேதான் வந்தோம்" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் டீ கிளாசோடு இரண்டு மூன்று டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அருள்தாஸ் சொன்னதை அப்படியே விட்டுவிட்டு நடந்துபோயிருக்கலாம். பனி நிஜமாகவே இருந்தது. யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு நிமிடம் அவள் நின்றாள். டீக்கடைச் சொல் எல்லாம் மறுபடி ஒருதரம் காதுக்குள் ஓடியது, ஓடி முடிந்தது.

"பனியில்லைங்க" என்றாள் மைனாவதி. குரல் கொஞ்சம் குழறியது, ஆனால் சத்தமாகவே வந்தது. "எனக்குப் பல்லு வலி. ஓட்ட முடியலை. அட்டகட்டிக்குக் கீழ நிறுத்தி வெச்சு, அடங்குனதும் எடுத்துட்டு வந்தேன். எறங்குற டிரிப்புக்கு வேற ஆளப் பாருங்க. நான் இப்பப் பல் டாக்டரப் பாக்கப் போறேன்."

டைம் கீப்பர் அவளையும் அவள் வீங்கின கன்னத்தையும் பார்த்தார். ஸ்பேர் டிரைவரைத் தேடி போனை எடுத்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்தே நடந்தாள். ஸ்டாண்டின் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. டீ கிளாசோடு நின்றவர்களில் ஒருவர், கட்டையான மீசை, காதோரம் நரைத்தவர், இதே மலையில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓட்டுகிறவர். பெயர் சடையப்பன். இதற்கு முன்னால் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் வந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். இடது முழங்காலைத் தடவினார்.

"கிளச்சு மிதிக்கிற காலு" என்றார். "ரெண்டு வருசமாச்சு அம்மிணி. சில நேரம் மிதிச்சா காலு இருக்கிறதே தெரியறதில்ல. வீட்ல தைலம் போட்டுத்தான் ஓட்டிட்டு இருக்கேன்."

அவர் கேட்க வந்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. மீசையை ஒருதரம் தடவிவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தி, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்பிடிச் சொல்லி நிறுத்தலாமுங்களா?"

மைனாவதி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"நிறுத்தலாமுங்க" என்றாள்.